துலிப் பித்தும் நாணயமும்: வரலாற்றாசிரியர் ஆன் கோல்ட்காரின் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன் கோல்ட்கார் யார்?

17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின், குறிப்பாக நெதர்லாந்தின், சமூக, பண்பாட்டு வரலாற்றை ஆராய்பவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்துவிட்டு, பின்னர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். 2007ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ‘துலிப்மேனியா’ என்ற நூல் அவரைப் பரவலாக அறியச் செய்தது. ‘பணம், மானம், அறிவு’ என்பது அதன் துணைத்தலைப்பிலுள்ள மூன்று சொற்கள். அவற்றில் பணத்தைப் பற்றி மட்டுமே உலகம் இதுவரை பேசிவந்தது, மற்ற இரண்டையும் விட்டுவிட்டது என்பதுதான் அந்த நூலின் வழக்கு.

துலிப் பித்து என்று பொதுவாகச் சொல்லப்படும் கதை என்ன?

1636–37 குளிர்காலத்தில் நெதர்லாந்து முழுவதும் துலிப் கிழங்குகளின் மேல் வெறி பிடித்தது. சீமான் முதல் புகைபோக்கி துடைப்பவன் வரை வீட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் கிழங்கு வாங்கினார்கள். ஒரே ஒரு கிழங்கு ஒரு மாளிகையின் விலைக்குப் போனது. 1637 பிப்ரவரியில் விலை சரிந்து, ஆயிரக்கணக்கானோர் ஓட்டாண்டியாகி, சிலர் கால்வாயில் விழுந்து மாண்டார்கள். நாட்டின் வணிகமே முடங்கியது. பங்குச்சந்தை சரிந்தாலும், மின்னணு நாணயம் சரிந்தாலும் பத்திரிகைகள் இன்றும் எடுத்துப் போடுகிற கதை இதுதான். இதில் விலை ஏறியதும் சரிந்ததும் உண்மை. மற்றவற்றுக்கு ஆவணச் சான்று தேடிப் போனவர்தான் கோல்ட்கார்.

ஒரு பூவுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

துலிப், ஒட்டோமான் பேரரசின் நிலப்பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவுக்கு வந்த விருந்தாளி. 1562ஆம் ஆண்டு வாக்கில் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) துணிமூட்டைகளோடு ஆண்ட்வெர்ப் வணிகர் ஒருவருக்குச் சில கிழங்குகள் வந்தன. அவர் அவற்றை ஒருவகை வெங்காயம் என்று எண்ணி, சிலவற்றைத் தணலில் சுட்டு எண்ணெயும் வினிகரும் சேர்த்துத் தின்றுவிட்டு, மிச்சத்தைத் தோட்டத்து முட்டைக்கோசுகளுக்கு நடுவே புதைத்துவிட்டார். செடி வளர்ப்பதில் ஆர்வமுள்ள மற்றொரு வணிகர் அவற்றில் சிலவற்றை எடுத்துக் காப்பாற்றினார். இதை எழுதிவைத்தவர் தாவரவியல் அறிஞர் கரோலஸ் குளூசியஸ். 1593இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து அங்குத் தாவரத் தோட்டத்தை உருவாக்கியவர் அவரே. அவருடைய துலிப்புகளைத் திருடிச் செல்லும் அளவுக்கு அவற்றின் மேல் ஆசை கொண்டவர்களும் இருந்தார்கள்.

சாதாரண ஒற்றை நிறத் துலிப்புக்குப் பெரிய மதிப்பு கிடையாது. வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தின் மேல் செந்தீயோ ஊதாப் புகையோ படர்ந்தது போலக் கோடுகள் விழுந்த இதழ்களுக்குத்தான் மதிப்பு. அந்தக் கோடுகள், அசுவினிப் பூச்சி பரப்பும் ஒரு வைரஸால் விழுபவை என்பது 1920களின் பிற்பகுதியில்தான் தெரியவந்தது. 17ஆம் நூற்றாண்டுத் தோட்டக்காரனுக்கு இது தெரியாது. இந்த ஆண்டு வெறும் சிவப்பாகப் பூத்த கிழங்கு அடுத்த ஆண்டு கோடு விழுந்து பூக்கலாம், பூக்காமலும் போகலாம். கோடு விழுந்த கிழங்கு நோயுற்றது என்பதால் பக்கக் கிழங்குகளையும் குறைவாகவே ஈனும். அரிதாக இருப்பது மேலும் அரிதாகும். ‘செம்பர் அகஸ்டஸ்’ என்ற வெள்ளை–சிவப்பு வகைக்கு 1620களிலேயே கிழங்கு ஒன்றுக்கு 1,000 கில்டர் (அன்றைய நெதர்லாந்துக் காசு) கேட்கப்பட்டது. தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் ஆண்டு வருமானம் அப்போது சுமார் 300 கில்டர்.

கோல்ட்கார் இங்கே ஒரு நுட்பமான இணைப்பைக் காட்டுகிறார். துலிப்புகளை முதலில் வாங்கியவர்கள் ஓவியம், கடற்சிப்பி, பளிங்கு, விந்தைப் பொருள்கள் ஆகியவற்றைச் சேகரித்த அதே நகர்ப்புறச் செல்வர்கள். அவர்களுக்குத் துலிப் ஒரு கலைப்பொருள். கோடு விழுந்த இதழைப் பளிங்கின் வரியோடும் ஓவியனின் தூரிகைத் தீற்றலோடும் ஒப்பிட்டு ரசித்தார்கள். பூவின் விலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முட்டைக்கோசோடு ஒப்பிடக் கூடாது, ஓவியத்தோடு ஒப்பிட வேண்டும்.

வியாபாரம் எப்படி நடந்தது?

கோடையில் பூ வாடியபின், ஜூன் மாதத்தில் கிழங்கைத் தோண்டி எடுப்பார்கள். இலையுதிர்காலத்தில் மீண்டும் நடுவார்கள். கிழங்கு கைமாறக்கூடிய காலம் ஆண்டில் அந்தச் சில மாதங்கள்தாம். 1636–37 குளிர்காலத்தில் நடந்த வியாபாரமெல்லாம் மண்ணுக்குள் உறங்கிய கிழங்குகளைப் பற்றியது. வாங்குபவர் கிழங்கைப் பார்த்ததில்லை. விற்பவரிடம் பணம் சேரவில்லை. இரண்டுமே அடுத்த கோடையில் என்பது ஒப்பந்தம். முன்பேர வணிகம் என்று நாம் சொல்வது இதுதான், நெதர்லாந்துக்காரர்களுக்கு இது பழகிய வழக்கமும்கூட. பங்குகளை அப்படித்தான் கைமாற்றினார்கள். கையில் இல்லாத பங்கை விற்பதற்கு 1610லேயே தடை ஆணை பிறந்திருந்தது என்பதிலிருந்து பழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்று ஊகிக்கலாம்.

விலையுயர்ந்த கிழங்குகளை எடை போட்டு விற்றார்கள். எடையின் அலகு ‘ஆஸ்’ என்பது. பொற்கொல்லர் தராசின் அலகு. ஓர் ஆஸ் ஒரு கிராமில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு, நம் குன்றிமணி எடையில் பாதிகூடத் தேறாது. மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு வளரும், எடை கூடும் என்பதும் கணக்கில் இருந்தது.

வியாபாரக் கூட்டங்கள் பெரும்பாலும் மதுவிடுதிகளின் அறைகளில் கூடின. 1637இல் ஹார்லெம் நகரில் அச்சான ஓர் உரையாடல் நூல் அங்கு நடந்த பேரத்தை விரிவாகச் சொல்கிறது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஆளுக்கொரு மரத்தட்டு கொடுக்கப்படும். மனத்திலுள்ள விலையை அதில் சுண்ணக்கட்டியால் எழுதித் தத்தம் நடுவரிடம் கொடுப்பார்கள். நடுவர்கள் இடைப்பட்ட ஒரு விலையைக் குறித்துத் தட்டுகளைத் திருப்பித் தருவார்கள். விலை ஒத்துவந்தால் எழுத்தை அப்படியே விடலாம், இல்லையேல் துடைத்துவிடலாம். ஒருவர் மட்டும் துடைத்தால், துடைத்தவர் மற்றவருக்குச் சிறு தொகை தர வேண்டும். பேரம் படிந்தால் கில்டருக்கு அரை ஸ்டைவர் வீதம், அதிகபட்சம் மூன்று கில்டர் வரை, ‘மதுக்காசு’ என்று வாங்குபவர் வைக்க வேண்டும். ஒரு கில்டருக்கு இருபது ஸ்டைவர். அந்தக் காசு விடுதியின் மதுவுக்கும் புகையிலைக்கும் விளக்குக்கும் கணப்புக்கும் போகும். நம் ஊர் மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. ஒழுங்கற்ற கூத்து போலத் தெரிந்தாலும், எழுதாத விதிகளால் இறுகக் கட்டப்பட்ட சபை அது.

அல்க்மார் ஏலத்தை எல்லோரும் குறிப்பிடுகிறார்களே, அது என்ன?

அல்க்மார் நகரில் விடுதி நடத்திவந்த வவுட்டர் வின்கல் என்பவர் ஏழு குழந்தைகளை விட்டுவிட்டு 1636இல் இறந்துபோனார். அவர் சேர்த்துவைத்திருந்த துலிப் கிழங்குகளே குழந்தைகளின் சொத்து. அநாதைக் குழந்தைகளின் சொத்தைப் பராமரிக்கும் நகர அதிகாரிகள், 1637 பிப்ரவரி 5 அன்று அவற்றை ஏலத்தில் விற்றார்கள். மொத்த வசூல் 90,000 கில்டர் எனப் பட்டியல் அச்சாயிற்று. ‘அட்மிரால் வான் என்கௌசன்’ வகைக் கிழங்கு ஒன்று 5,200 கில்டர். ‘வைஸ்ராய்’ வகையில் ஒன்று 4,203 கில்டர். ஏலம் நடந்ததற்கு ஓரிரு நாள் முன்னர்தான், அங்கிருந்து வெகுதூரமில்லாத ஹார்லெமில் வாங்க ஆளில்லாமல் விலை தடுமாறத் தொடங்கியிருந்தது. துலிப் விலையின் உச்சமும் வீழ்ச்சியும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தன.

விலை சரிந்த பிறகு என்ன நடந்தது?

பிப்ரவரி 23 அன்று பல நகரங்களின் பூ வணிகப் பிரதிநிதிகள் அம்ஸ்டர்டாமில் கூடி, 1636 நவம்பர் 30க்கு முந்திய விற்பனைகள் செல்லும், அதற்குப் பிந்தியவற்றை விலையில் பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு வாங்கியவர் கைவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அம்ஸ்டர்டாம்காரர்கள் அதற்கு இசையவில்லை. ஏப்ரல் 27 அன்று ஹாலந்து மாகாண அரசு, விவரம் திரட்டும் வரை ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தது. வழக்குகளை நீதிமன்றங்கள் விரும்பி ஏற்கவில்லை. இழுபறிக்குப் பின் 1638 மே மாதம் ஹார்லெம் நகரசபை, விலையில் 3.5 சதவீதம் செலுத்தி ஒப்பந்தத்திலிருந்து விடுபடலாம் என்று தீர்த்தது. இடைப்பட்ட பதினைந்து மாதங்கள் முழுக்கச் சச்சரவு.

கோல்ட்கார் எந்த ஆவணங்களைப் படித்தார்?

1637இல் வெளிவந்த துண்டுப்பிரசுரங்களை அவருக்கு முந்தைய வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் படித்தார்கள். நெதர்லாந்துப் பொருளாதார வரலாற்றாசிரியர் போஸ்துமுஸ் 1920களிலும் 1930களிலும் பல மூல ஆவணங்களை அச்சிட்டிருந்தார். 1942இல் கிரெலாகெ தோட்டக்கலைக் கோணத்தில் பெரிய நூல் எழுதினார். கோல்ட்கார் அவற்றோடு நிற்காமல் ஹார்லெம், அம்ஸ்டர்டாம், என்கௌசன் போன்ற ஊர்களின் ஆவணக் காப்பகங்களில் நோட்டரிப் பதிவேடுகளைத் தேடினார்.

நோட்டரிப் பத்திரம் என்ன காட்டும்? விற்றவருக்குப் பணம் வராதபோது, அவர் நோட்டரியை வாங்கியவர் வீட்டு வாசலுக்கே அனுப்புவார். நோட்டரி சாட்சிகளோடு போய், இன்ன தேதியில் இன்ன கிழங்கை இவ்வளவுக்கு வாங்கினீர், வந்து எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடும் என்று வாசித்துக் காட்டுவார். வீட்டிலிருந்தவர் சொன்ன பதிலும் அதே தாளில் ஏறும். இத்தகைய தாள்களிலிருந்து யார் யாருக்கு விற்றார், யார் சாட்சி, யார் நடுவர், அவர்களிடையே என்ன உறவுமுறை, எந்தத் தெரு, எந்தத் தொழில் என்றெல்லாம் நூல் நூலாகப் பிரித்தெடுக்கலாம். ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளைச் சேகரித்து ஒரு கிராமத்தின் பங்காளி, சம்பந்திக் கணக்கைப் போடுவது போன்ற வேலை அது.

எத்தனை பேர், எத்தகையோர் இதில் ஈடுபட்டார்கள்?

கோல்ட்கார் அடையாளம் கண்டவர்கள் சுமார் 350 பேர். 300 கில்டருக்கு மேல் செலவழித்தவர்களாக அவருக்குக் கிடைத்தவர்கள் 37 பேர்தான். பெரும்பாலோர் வசதியான வணிகர்கள், தேர்ந்த கைவினைஞர்கள், மதுவடிப்பவர்கள், விடுதிக்காரர்கள். உயர்குடிப் பிரபுக்களும் இல்லை, புகைபோக்கி துடைப்பவர்களும் இல்லை. ஒருவருக்கொருவர் அண்டை வீட்டார், மைத்துனர், ஒரே சபையில் வழிபடுபவர். மெனோனைட் என்ற கிறித்தவப் பிரிவின் சபையைச் சேர்ந்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். முன்பின் தெரியாத கூட்டம் வெறிகொண்டு ஓடியது என்ற சித்திரம் இதில் எங்கும் பொருந்தவில்லை.

அப்படியானால் யாருமே நொடித்துப் போகவில்லையா?

துலிப்பால்தான் திவாலானார் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒருவரைக்கூடத் தன்னால் காண முடியவில்லை என்கிறார் கோல்ட்கார். ஓவியர் யான் வான் கோயன் வழக்கமாக எதிர்க்கேள்வியாக முன்வைக்கப்படுவார். 1637இன் தொடக்கத்தில் ஹேக் நகரில் அவர் கிழங்குகள் வாங்கினார். 1656இல் பெருங்கடனோடு இறந்தார். ஆனால் இரண்டுக்கும் நடுவே பத்தொன்பது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்த ஆண்டுகளில் அவர் நிலமும் வீடும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். அவரை மூழ்கடித்தது நிலப் பேரம் என்பதே பொருத்தமான விடை.

நாட்டின் பொருளாதாரம் ஆட்டம் கண்டது என்பதற்கும் சான்று கிடையாது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. பணமே கைமாறாத ஒப்பந்தம் முறிந்தால், விற்றவர் வரவேண்டிய லாபத்தை இழக்கிறார், கையிலிருந்ததை இழப்பதில்லை.

பணம் போகவில்லை என்றால் அத்தனை கூச்சல் எதற்கு?

கோல்ட்காரின் நூல் மற்றவர்களிடமிருந்து விலகி நடப்பது இந்த இடத்தில்தான். தமிழில் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கிறது. ஹார்லெமில் 1637இல் நடந்ததை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. அங்கு காசு என்ற நாணயம் பிழைத்துக்கொண்டது, மற்ற நாணயம் அடிபட்டது.

அந்த நகரங்களின் வணிகம் கடனிலும் வாய்ச்சொல்லிலும் ஓடியது. ரொட்டிக்காரர் முதல் கப்பல் முதலாளி வரை எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ பாக்கி வைத்திருந்தார்கள். ‘இவர் நாணயமானவர்’ என்ற ஊர்ப்பேச்சுதான் ஒருவரின் உண்மையான மூலதனம். இப்போது, சாட்சிகள் முன்னால் மது அருந்திக் கைகொடுத்து முடித்த பேரத்தை, மதிப்புள்ள மனிதர்களே மறுக்கிறார்கள். வீட்டு வாசலில் நோட்டரி நிற்கிறார், அக்கம்பக்கம் பார்க்கிறது. மறுப்பவர் மைத்துனராகவோ உடன் வழிபடுபவராகவோ இருக்கிறார். நீதிமன்றமும் கைவிரிக்கிறது. இனி யாருடைய சொல்லை நம்புவது? எந்தப் பொருளுக்கு என்ன மதிப்பு என்று யார் சொல்வது?

துணைத்தலைப்பிலுள்ள ‘அறிவு’ இங்கே நுழைகிறது. எந்தக் கோடு நல்ல கோடு, எந்தப் பெயர் எந்தக் கிழங்குக்கு உரியது என்பதைத் தோட்டத்து ரசிகர்களின் ஒரு சிறு வட்டம் தீர்மானித்துவந்தது. வட்டம் விரிந்து புதியவர்கள் நுழைந்தபோது, அறிந்தவர் யார், அறிந்தவர்போல் நடிப்பவர் யார் என்பது குழம்பியது. வறண்ட குமிழாகக் கையிலிருக்கும்போது எல்லாக் கிழங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விற்பவரின் சொல்லைத் தவிர வேறு உத்தரவாதமே இல்லாத ஒரு சரக்கு, சொல்லின் மதிப்பே கேள்விக்குள்ளான நேரத்தில் விற்கப்பட்டது.

பித்துக் கதையை முதலில் யார் கிளப்பிவிட்டார்கள்?

1637இலேயே பரிகாசப் பாடல்களும் பிரசுரங்களும் குவிந்தன. முன்பு சொன்ன உரையாடல் நூலில் ‘வார்மோண்ட்’, அதாவது வாய்மையாளன், ‘ஹார்ஹூட்’, அதாவது பேராசைக்காரன், என்ற இருவர் பேசுகிறார்கள். பேராசைக்காரன் தறியை விட்டுவிட்டுப் பூ வியாபாரத்துக்கு வந்த நெசவாளி. கீழ்நிலையில் உள்ளவன் திடீர்ப் பணக்காரனாவதைக் கண்ட எரிச்சல் அந்தப் பிரசுரங்களில் நெடுக ஓடுகிறது. அக்காலத்தில் கொள்ளைநோயும் ஹார்லெமைச் சூறையாடிக்கொண்டிருந்ததால், இதைத் தெய்வ தண்டனையோடு முடிச்சுப் போடுவதும் எளிதாயிற்று.

அந்தப் போதனைப் பிரசுரங்களைப் பிற்காலத்தவர் செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியர் பெக்மன் எழுதியதை, 1841இல் ஸ்காட்லாந்துப் பத்திரிகையாளர் சார்லஸ் மெக்கே தன் நூலில் மெருகேற்றினார். உதாரணமாக, ஒரு பிரசுரம் ஒரு பூவின் விலைக்கு எத்தனை கோதுமை, எத்தனை கொழுத்த எருது, எத்தனை பன்றி, எவ்வளவு வெண்ணெய், பாலாடை, படுக்கை, வெள்ளிக் கோப்பை வாங்கலாம் என்று இடித்துரைப்பதற்காகப் பட்டியலிட்டது. அதுவே பின்னாளில், யாரோ ஒரு கிழங்குக்கு இத்தனையையும் உண்மையாகவே வண்டியில் ஏற்றிக் கொடுத்ததாக மாறிவிட்டது. வெங்காயம் என்று நினைத்து விலையுயர்ந்த கிழங்கை மீனோடு தின்ற மாலுமியின் கதையும் மெக்கே வழியாகப் பரவியதே.

ஓவியங்கள் சான்று ஆகாவா?

ஹென்ட்ரிக் பொட் வரைந்த, பூத்தேவதை மூடர்களோடு காற்றில் தேரோட்டும் படமும், இளைய யான் பிரூகல் குரங்குகளைத் துலிப் வணிகர்களாக வரைந்த படமும் புகழ்பெற்றவை. அவை கேலிச் சித்திரங்கள். கேலி செய்தவரின் மனத்தைக் காட்டுமே தவிர, கேலிக்கு ஆளானவரின் கணக்குப் புத்தகத்தைக் காட்டமாட்டா.

வரலாற்றாசிரியர் சைமன் ஷாமாவின் புகழ்பெற்ற நூலிலிருந்து இது எவ்வகையில் மாறுபடுகிறது?

நெதர்லாந்துப் பொற்காலத்தின் பண்பாட்டை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்த பெருமை ஷாமாவின் 1987ஆம் ஆண்டு நூலுக்கு உண்டு. செல்வம் சேரச் சேர அதைக் குறித்துக் குற்றவுணர்வு கொண்ட ஒரு சமூகத்தை ஓவியங்கள், பிரசுரங்கள், சித்திர முதுமொழிகள் வழியாக அவர் தீட்டுகிறார். படிப்பதற்கு அது விருந்து. கோல்ட்காரின் எழுத்தில் அந்தத் தாளிப்பு குறைவு. ஆனால் போதகர்கள் சமூகத்தைப் பற்றிச் சொன்னதையும் சமூகம் நடந்துகொண்டதையும் அவர் தனித்தனியே வைத்துப் பார்க்கிறார். என் கணிப்பில் துலிப் விஷயத்தில் இந்த வழிமுறையே கூடுதல் பலன் தருகிறது.

கோல்ட்காரின் முடிவுகளில் குறையே இல்லையா?

ஒன்று உண்டு. நோட்டரியிடம் போனது தகராறானதும் பெரிய தொகையும்தான். விடுதி அறையில் சுண்ணக்கட்டியால் எழுதித் துடைக்கப்பட்ட பேரங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆகவே 350 என்பதும் 37 என்பதும் ஆவணத்தில் சிக்கியவர்களின் எண்ணிக்கை. வியாபாரத்தில் இறங்கியவர்களின் முழுக் கணக்காக அதைக் கொள்ளக் கூடாது. மேற்கோள் காட்டுவோர் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அதேசமயம், நாடே நொடித்திருந்தால் அதன் தழும்பு திவால் பதிவுகளிலாவது தெரிந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை இக்குறை அசைக்காது.

நெதர்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணம் துலிப்பில் பாய்ந்ததா?

நேரடியாக அப்படிச் சொல்ல இயலாது. துலிப் பேரம் சூடு பிடித்தபோது ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. கடல் கடந்த வணிகம் நகர்ப்புற நடுத்தர வணிகர்களின் கையில் செலவழிக்கத்தக்க காசைச் சேர்த்திருந்தது. கிழக்கிலிருந்து வந்த சிப்பிகளும் விந்தைப் பொருள்களும் துலிப் ரசிகர்களின் அலமாரிகளில் இருந்தன. தொடர்பு இவ்வளவே.

கோல்ட்காரின் மற்ற ஆய்வுகள் எவை? எதிலிருந்து தொடங்கலாம்?

1995இல் வெளிவந்த முதல் நூல், 1680 முதல் 1750 வரை ஐரோப்பிய அறிஞர்கள் தங்களுக்குள் கடிதம், நூல், பரிந்துரை ஆகியவற்றைப் பரிமாறி நடத்திய ‘அறிஞர் குடியரசு’ பற்றியது. அங்கும் அவர் அறிஞர்களின் கருத்தைவிட அவர்களின் நடத்தையைத்தான் கவனிக்கிறார்: உதவி கேட்பது எப்படி, கைம்மாறு செய்வது எப்படி, சண்டையிடும்போதும் மரியாதை காப்பது எப்படி. துலிப் நூலின் விதை அதில் இருக்கிறது. பின்னர் நெதர்லாந்தினரின் வடதுருவப் பயணங்களின் பண்பாட்டு வரலாற்றிலும் அவர் ஆர்வம் காட்டினார். புதிதாகப் படிப்பவர் 2007ஆம் ஆண்டு நூலை எடுத்து, விலைகளைப் பேசும் பக்கங்களுக்கு முன்னால், ஒப்பந்தம் முறிந்த பின் எழுந்த தகராறுகளைப் பேசும் பிற்பகுதியைப் படிக்கலாம். வாசலில் நின்ற நோட்டரியையும் உள்ளேயிருந்து பதில் சொன்னவரையும் அங்கேதான் நெருக்கத்தில் பார்க்க முடியும்.